நீர் கோத்த கால்கள்

1905ஆம் ஆண்டு டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநல மருத்துவமனை. அன்றைய பேச்சில் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போகிறார்கள். இரட்டைப்படை மேற்கு வார்டுக்கு. இரண்டு வார்டுக்கும் மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றுதான். சோறு மட்டும் வேறு. ஒற்றைப்படைக்கு ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அதன்பின் புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் இப்படியே மாற்றி மாற்றிப் பிரித்தார்கள்.

1906 டிசம்பர் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் நான்கில் ஒருவருக்கு மேல் பெரிபெரி வந்திருந்தது. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய். அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தச் சோதனையைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1907இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். நான் படித்தது பொறியியல். மருத்துவம் எனக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும் இந்தக் கதையைப் படித்ததிலிருந்து அது என்னை விடவில்லை. ஒரு காரணம், எங்கள் தொழிற்சாலையில் இரண்டு இயந்திர அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் தினமும் செய்வதும் இதேதான்: மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்று. இன்னொரு காரணம், இந்த நோயைப் பரப்பியதே ஒரு இயந்திரம்.

அந்த இயந்திரத்துக்கு வருமுன் வீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பெரிபெரியில் இரண்டு விதம் உண்டு. ஒன்று உலர்ந்தது: நரம்புகள் செத்து, கால் மரத்து, நடை போய்விடும். மற்றது ஈரமானது: பாதத்தில் வீக்கம் தொடங்கி, முழங்கால், தொடை, வயிறு என்று மேலேறும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். மூச்சு முட்டும். கடைசியில் இதயம் நின்றுவிடும். 17ஆம் நூற்றாண்டில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த டச்சு மருத்துவர் பொன்டியஸ், நோயாளிகள் செம்மறியாடு மாதிரி நடப்பதால்தான் உள்ளூர் மக்கள் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று எழுதினார். மலாயில் ‘பிரி-பிரி’ என்றால் செம்மறியாடு. சிங்களத்தில் ‘முடியவில்லை, முடியவில்லை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள்.

பழைய மருத்துவத்தில் வீக்கம் ஓர் அறிகுறி அல்ல, அதுவே நோய். நம்ம ஊர்ப் பேச்சில் இன்றும் ‘கால்ல நீர் கோத்துக்கிச்சு’ என்கிறோம். சித்த மருத்துவம் சோபை என்று பெயர் வைத்து, வாத பித்த கபக் கணக்கில் அதைப் புரிந்துகொண்டு, நீர் இறங்க நீர்முள்ளிக் கஷாயம் கொடுத்தது. ஐரோப்பாவிலும் கதை ரொம்ப வித்தியாசமில்லை. பேதி கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் குழாய் குத்தி நீரை வடித்தார்கள். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், டிஜிடாலிஸ் செடியின் இலை நீர் வீக்கத்துக்குப் பலன் தருகிறது என்று புத்தகம் போட்டார். பலவீனமான இதயத்துக்கு அது உண்மையிலேயே மருந்து. ஆனால் பெரிபெரி வீக்கத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இத்தனை வைத்தியமும் கோத்த நீரை வெளியேற்றப் பார்த்தன. அந்த உடம்புக்குள் போகாமல் விட்டது என்ன என்று யாரும் தேடவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாங்காக்கிலும் சைகோனிலும் நீராவியில் ஓடும் அரிசி ஆலைகள் வந்தன. உரலில் குத்தினால் உமி போகும். தவிடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலை அதையும் முளையையும் சேர்த்துத் தீட்டி எடுத்தது. தவிட்டில் எண்ணெய் உண்டு, அதுதான் சிக்கு வாடை பிடிக்கும். அது போய்விட்டால் அரிசி மாதக்கணக்கில் கெடாது, கப்பலில் ஏற்றலாம், மூட்டை மூட்டையாக அடுக்கலாம். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஒரு பொறியாளராக எனக்கு அது நல்ல வடிவமைப்பாகவே தெரிகிறது. அந்த அரிசி மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் சிறைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது. பின்னாலேயே பெரிபெரியும் வந்தது.

காலனிய அதிகாரிகள் எல்லாவற்றையும் இனவாரியாகத்தான் எண்ணுவார்கள். பெரிபெரியையும் அப்படியே எண்ணினார்கள். சீனர்களிடம் ஏராளம். மலாய்க் கிராமங்களில் அபூர்வம். தமிழர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சீன உடம்பு இப்படி, தமிழ் உடம்பு அப்படி என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். கிருமிக் கோட்பாடு உச்சத்தில் இருந்த காலம் வேறு. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது வாய்வழியே புகும் ஒரு கிருமியின் வேலை என்று உறுதியாக நம்பினார்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் அதே அட்டவணையை வேறு மாதிரி படித்தார். சீனர்கள் சாப்பிடுவது சயாம் வெள்ளை அரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் வீட்டு நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிடுகிறார்கள். தோட்டத்துத் தமிழர்கள் சாப்பிடுவது புழுங்கலரிசி. தமிழரையே சிறையில் போட்டு வெள்ளை அரிசி கொடுத்தால் அவருக்கும் கால் வீங்குகிறது. ஆக, விஷயம் இனத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று பிராடன் நினைத்தார். அந்த விளக்கம் தவறு. ஆனால் விரல் நீட்டிய இடம் சரி.

ஃபிளெட்சர் மனநோயாளிகளை வரிசையில் நிறுத்தியது இந்த வாதத்தைச் சோதிக்கத்தான். 1906 நடுவில் அவர் இன்னொன்றும் செய்தார். இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கும் கிருமியால் வருகிறதென்றால், இப்போது புழுங்கலரிசிக்காரர்கள் விழ வேண்டும். விழவில்லை. நோய் அரிசியோடேயே நடந்து போனது.

அடுத்து, ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் அங்கே நின்றது. மற்றக் கூட்டத்தில் தொடங்கியது. வெள்ளை அரிசியில் விஷம் எதுவும் இல்லை, தீட்டும்போது எதுவோ போய்விடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பத்தாவியாவில் கோழிகளை வைத்து எய்க்மான் தொடங்கி, கிரைன்ஸ் 1901இல் வந்து சேர்ந்த முடிவும் அதுதான். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவர்கள், தொடர்ந்து தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிடுவதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானமே போட்டார்கள். ‘வைட்டமின்’ என்ற சொல் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

போய்விட்ட அந்த ‘எதுவோ’ தயாமின், அதாவது வைட்டமின் பி1. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போதும். அது இல்லாவிட்டால் உடம்பால் மாவுச்சத்தை முழுசாக எரிக்க முடியாது. பாதி எரிந்த கழிவு சேர்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. விரிந்த குழாய்களை நிரப்ப இதயம் மேலும் மேலும் இறைக்கிறது. அந்த இதயத்துக்கே எரிபொருள் சரியாகக் கிடைப்பதில்லை. ரத்தம் போதவில்லை என்று நினைத்துச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர்தான் காலில் இறங்குகிறது. பழைய மருத்துவர்கள் வடிக்கப் பார்த்தது இதைத்தான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிய, மோட்டார் எரிவதைக் கவனிக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மாதிரி.

இந்த இடத்தில் நமக்கு ஒரு பெருமை வரும். ‘பாருங்க, நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க.’ வாட்ஸாப்பில் இது வந்துவிட்டதா தெரியாது, வராமல் இருக்காது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயாமின் நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது, வெந்த மாவு அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கணிசமான அளவு மிஞ்சும். ஆனால் நம் பாட்டிகள் நெல் அவித்தது அதற்காக இல்லை. உமி சுலபமாகக் கழலும், அரிசி உடையாது, வண்டு குறையும். காரணம் அவ்வளவுதான். பச்சரிசி சாப்பிட்ட மெட்ராஸ் மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. 1835இலேயே மால்கம்சன் என்ற ராணுவ மருத்துவர் மெட்ராஸில் அதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதே மாகாணத்தின் தெற்கே புழுங்கல் சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். இது ஞானம் இல்லை, நல்ல பழக்கம் தந்த அதிர்ஷ்டம். மலாயாத் தோட்டத்திலும் அந்த அதிர்ஷ்டம், துரை எந்த ஊர் அரிசியை இறக்குமதி செய்தார் என்பதைப் பொறுத்தது. தொழிலாளியின் கையில் அது இல்லை.

அது எப்படிப்பட்ட அதிர்ஷ்டம் என்பது 1942க்குப் பிறகு தெரிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் புழுங்கலரிசி வருவது நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அங்கே கிடைத்தது கொஞ்சம் வெள்ளைச் சோறு. ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளுக்கும் அதே சோறுதான். ஆனால் அவர்கள் முகாம்களில் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். சாங்கியில் ஈஸ்ட் வளர்த்துக் கொடுத்துப் பெரிபெரியோடு போராடினார்கள், குறிப்பு எழுதி வைத்தார்கள். தமிழர் முகாம்களில் எழுதி வைக்க யாரும் இல்லை. என் பாட்டி தன் அம்மா சொன்னதாக ஒன்று சொல்வார்: “போனவங்க செத்தது பாதி காலராவுல, பாதி கால் வீங்கி.” அவருக்குப் பெரிபெரி என்ற சொல் தெரியாது. 35 வருடங்களுக்கு முன் சீனர் நோய் என்று பதிவேட்டில் எழுதப்பட்டது, சோறு மாறியதும் தமிழர் நோயாகிவிட்டது.

பெரிபெரியின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் இடங்களைக் கவனியுங்கள். சிறை, கப்பல், சுரங்கம், மனநல விடுதி, போர் முகாம். இன்னொருவர் அகப்பையில் அள்ளிப் போடுவதை மட்டுமே சாப்பிட வேண்டியவர்கள் இருக்கும் இடங்கள். ஒரு முட்டை, ஒரு பிடி பயறு, ஒரு துண்டு பன்றி இறைச்சி வாங்க முடிந்தவனுக்கு வெள்ளை அரிசி எமன் ஆகாது. இன்று நாம் பாஸ்மதி சாப்பிட்டும் கால் வீங்காமல் நடப்பது அதனால்தான். தயாமின் குறைவு என்பது வேதியியல். அது எந்த மனிதர்களுக்குக் குறையும் என்பதைத் தீர்மானிப்பது வேதியியல் இல்லை.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால் 1995ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த வருடம் தெனகானிதா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ், மலேசியாவின் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். செமினி முகாமில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் டைபாய்டு, பெரிபெரி போன்ற தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தார்கள் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. செமினி, ஃபிளெட்சர் எண்களைப் பிரித்த கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் ஐரின் மீது வழக்குப் போட்டார்கள். விசாரணை ஏழு வருடம் இழுத்தது. 2003இல் ஓராண்டுச் சிறை விதித்தார்கள். 2008இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். 2014இல் இறந்தார்.

உலகத்துக்கே பெரிபெரியின் காரணத்தைக் காட்டிய நகரங்களில் ஒன்று கோலாலம்பூர். மருத்துவ வரலாற்று நூல்கள் ஃபிளெட்சரின் சோதனையை இன்றும் மெச்சுகின்றன, மெச்சத் தகுந்ததுதான். ஆனால் அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் ஒற்றைப்படை எண் விழுந்த, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இல்லாத மனிதர்கள். 18 பேர் செத்து நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் 90 வருடம் கழித்து அதே வட்டாரத்தில் ஒரு முகாமின் சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரவில்லை என்று சொன்ன பெண்ணைத்தான் நாம் நீதிமன்றத்தில் ஏற்றினோம்.