காலப் பயணக் கதைகளில் முரண்பாடுகள்

காலப் பயணக் கதைகளில் முரண்பாடுகள் என்பது, கடந்த காலத்துக்கோ எதிர்காலத்துக்கோ செல்லும் கதைமாந்தரைக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்படங்கள் முதலியவற்றில் காணப்படும் கதைப் பிழைகளையும் காலக் குழப்பங்களையும் குறிக்கும். காலப் பயணம் இயலுமா என்பது இயற்பியல் சார்ந்த கேள்வி. ஒரு கதை தானே வகுத்துக்கொண்ட விதியைத் தானே மீறும்போதுதான் அது கதைப் பிழையாகிறது.

வகைகள்

இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. முரண்புதிர்: ஒருவர் கடந்த காலத்துக்குச் சென்று தம் தாத்தாவை இளமையிலேயே கொன்றுவிட்டால், அவர் பிறந்தது எப்படி என்னும் "தாத்தா முரண்புதிர்" இவ்வகையில் புகழ்பெற்றது. விளைவே தனக்குக் காரணமாகும் "காரணச் சுழல்" மற்றொன்று. இவை பெரும்பாலும் எழுத்தாளர் தெரிந்தே கையாள்பவை, பிழைகள் அல்ல.
2. தொடர்ச்சிப் பிழை: முன்னர் கூறப்பட்ட ஆண்டு, வயது, நிகழ்வு ஆகியவற்றுக்குப் பின்னர் வரும் கதை மாறுபடுவது.
3. கதை ஓட்டை: கதைமாந்தரிடம் உள்ள வசதியைக் கொண்டு எளிதில் தீர்க்கக்கூடிய சிக்கலை, காரணம் கூறாமல் தீர்க்காது விடுவது. "மீண்டும் பின்னோக்கிச் சென்று ஏன் சரிசெய்யவில்லை?" என்பது இவ்வகைக் கதைகள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

தொலைக்காட்சித் தொடர்களில்

பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று தொடங்கிய "டாக்டர் ஹூ" தொடரில் இடம்பெறும் "யூனிட்" என்ற படை அமைப்பின் காலம் பற்றிய குழப்பம், தொடர்ச்சிப் பிழைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

1968இல் ஒளிபரப்பான "தி வெப் ஆஃப் ஃபியர்" கதை, 1935இல் திபெத்தில் நடந்த நிகழ்வுகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நடப்பதாகக் கூறப்பட்டது. அதன்படி அது ஏறத்தாழ 1975ஆம் ஆண்டாகிறது. யூனிட் அறிமுகமான "தி இன்வேஷன்" (1968) அதற்கும் நான்கு ஆண்டுகள் பிந்தியது. 1975இல் வெளிவந்த "பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்" கதையில், யூனிட் காலத்தைச் சேர்ந்த சாரா ஜேன் என்னும் பாத்திரம் தான் 1980ஆம் ஆண்டைச் சேர்ந்தவள் என்கிறாள். ஆனால் 1983இல் வெளிவந்த "மாட்ரின் அண்டெட்" கதையில், யூனிட்டின் தலைவரான பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்று, 1977இல் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவ்வாறாயின் அவர் தலைமையில் நடந்த நிகழ்வுகள் பல, அவர் ஓய்வு பெற்ற பின்னரே நடந்தனவாகின்றன.

இந்தக் கதையின் ஆசிரியர் பாத்திரம் முதலில் இயன் செஸ்டர்டன் என்ற பழைய கதைமாந்தருக்காகத் திட்டமிடப்பட்டுப் பின்னரே பிரிகேடியருக்கு மாற்றப்பட்டது. 2008இல் வந்த ஒரு கதையில், யூனிட்டில் தாம் பணியாற்றியது எழுபதுகளிலா எண்பதுகளிலா எனக் கதாநாயகரே ஐயுறுவதாக வசனம் அமைத்து, இக்குழப்பத்தை நகைச்சுவையாக ஏற்றுக்கொண்டனர்.

இதற்கு மாறாக, "டார்க்" (2017–2020) என்னும் செருமானியத் தொடர் மூன்று பருவங்களில், 26 பகுதிகளில் நிறைவுற்றது. இதில் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தாயும் மகளுமாக அமையும் காரணச் சுழல் உள்ளது. நம்புதற்கரியதாயினும், தொடரின் விதிக்கு உட்பட்டதால் இது கதைப் பிழையாகாது.

தமிழ்த் திரைப்படங்களில்

தமிழில் காலப் பயணக் கதைகள் பெரும்பாலும் திரைப்படங்களாகவே அறியப்பட்டுள்ளன.

* இன்று நேற்று நாளை (2015): ஆர். இரவிக்குமார் இயக்கியது. 2065ஆம் ஆண்டிலிருந்து 2015க்கு அனுப்பப்படும் இயந்திரம் இரு நண்பர்களிடம் கிடைக்கிறது. அவர்களது பயணத்தின் விளைவாக, இறந்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் உயிர் பிழைக்கிறான். வரலாறு மாறக்கூடியது என்பதே இப்படத்தின் விதி. வரலாறு மாறினால் பழைய வரலாற்றை நண்பர்கள் மட்டும் எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்னும் கேள்வி இத்தகைய கதைகளுக்குப் பொதுவானது.
* 24 (2016): விக்ரம் குமார் இயக்கத்தில் சூர்யா நடித்தது. காலத்தைக் கடக்க உதவும் கைக்கடிகாரத்துக்கு 24 மணி நேர எல்லை உண்டு. இவ்வெல்லையே "ஏன் இன்னும் பின்னோக்கிச் செல்லவில்லை?" என்ற கேள்விக்கு விடையாகிறது. பிற்பகுதியில் 26 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும் தேவை எழும்போது, அவ்விடை வலுவிழக்கிறது.
* மாநாடு (2021): வெங்கட் பிரபு இயக்கியது. கதாநாயகன் இறக்கும் ஒவ்வொரு முறையும் அதே நாள் மீண்டும் தொடங்குகிறது. கதாநாயகனின் இரத்தக் கலப்பால் எதிராளியான காவல் அதிகாரிக்கும் முந்தைய சுற்றுகள் நினைவில் நிற்கின்றன. இதனால் கதாநாயகன் பெற்ற வசதி அளவற்றதாகாமல் தடுக்கப்படுகிறது.

காரணங்களும் விளைவும்

நெடுந்தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பல எழுத்தாளர்கள் எழுதுவதாலும், முடிவு தெரியாமலே தொடங்குவதாலும், நடிகர் மாற்றங்களாலும் தொடர்ச்சிப் பிழைகள் தோன்றுகின்றன. திரைப்படங்களில் இவை குறைவு. ஆனால் உச்சக்காட்சியின் தேவைக்காக விதி தளர்த்தப்படுவது உண்டு.

ஆண்டுக் கணக்கில் நேரும் பிழை கதையின் சுவையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. "டாக்டர் ஹூ" அக்குழப்பத்துடனேயே பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் எந்த இறப்பையும் எளிதில் மாற்றிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டால், இறப்புக்கும் இழப்புக்கும் கதையில் மதிப்பில்லாமல் போகிறது. பயணத்துக்கு ஓர் எல்லையோ விலையோ விதிப்பதும், அதனை இறுதிவரை காப்பதும் இதனாலேயே இன்றியமையாதவை ஆகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* காலப் பயணம்
* அறிபுனை
* தாத்தா முரண்புதிர்