விளிம்புக்கு வெளியே நின்ற கோயில்கள்

கோயிலையும் சிலையையும் ஒளிப்படத்தில் எப்படி அடக்குவது என்ற கேள்விக்குத் தென்னிந்தியாவில் முதலில் விரிவான விடை தேடியவர் லினேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட அவர், 1857 இறுதியிலிருந்து 1858 வரை திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் பெரிய மரப்பெட்டிக் கேமராவுடன் சுற்றி வந்தார். மெழுகு ஏற்றிய தாளில் நெகட்டிவ் எடுக்கும் அக்கால முறையில் ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் பிடித்ததால், நடமாடும் மனிதர் பதியாமல் போக, கல் மட்டும் அசையாமல் நின்றது. அவருடைய பிரகாரங்கள் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைய வேதிப்பூச்சு நீல நிறத்தை மிகையாக ஏற்றுக்கொண்டதால் வானம் வெறும் வெள்ளையாகிவிட, அவர் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். ஆகவே படத்தின் உண்மை என்பது அந்தத் தொழிலின் பிறப்பிலேயே சற்றுத் தளர்வான சொல்லாகத்தான் இருந்தது.

ட்ரைப்பின் படங்களில் மிகத் துணிந்த சட்டக அமைப்பு, அதாவது எதை உள்ளே விட்டு எதை வெளியே தள்ளுவது என்ற முடிவு, தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்தது. இருநூறு அடியைத் தாண்டி எழும் விமானத்தை அங்கே அவர் அறவே விட்டுவிட்டு, அதன் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளை மட்டும் பிடித்தார். கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டியபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு காகிதச் சுருள் கிடைத்தது. கோபுரமும் இல்லை, வானமும் இல்லை. அதிட்டானம் என்னும் அடித்தளமும் எழுத்தும் மட்டுமே. அழகிய காட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆயினும் வரலாற்றுக்கு அதைவிடப் பயனுள்ள படம் அந்தத் தொகுப்பில் அரிது.

ட்ரைப்பின் அலுவலகம் விரைவில் மூடப்பட்ட பின், 1867-68இல் உதகமண்டலத்தில் நிலையம் வைத்திருந்த எட்மண்ட் லயனிடம் அரசு இதே பணியை ஒப்படைத்தது. அவர் எடுத்த படங்களுக்கான குறிப்புகளைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதிப்பித்து 1870இல் வெளியிட்டார். கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றோடொன்று சாயாமல் இருக்க, லென்ஸ் பொருத்திய முன்பலகையைச் சற்று உயர்த்துவதும், அளவு தெரிய ஓர் ஆளை நிறுத்துவதும், ஒரு மூலையிலிருந்து இரு பக்கங்களையும் காட்டுவதும் இக்காலத்தில் ஊன்றிய வழக்கங்கள். அச்சின் ஓரங்களில் கறையோ மங்கலோ படிந்தால் அதைக் கத்தரித்த பிறகே அட்டையில் ஒட்டினார்கள். பிற்காலத்தில் 'கிராப்' என்று பேச்சில் நிலைத்த ஓரம் வெட்டுதல் இவ்வாறு தூய்மைப் பணியாகவே தொடங்கியது.

அது கருத்துப் பணியாக மாறியது சிலைகளில்தான். திருவாங்கூர் அரசின் தொல்லியல் துறையை நடத்திய டி. ஏ. கோபிநாத ராவ், 1914 முதல் 1916 வரை வெளியிட்ட இந்துப் படிமவியல் நூலில், கடவுளரை வடிவவாரியாகப் பகுத்து ஏராளமான தட்டுப்படங்களைச் சேர்த்தார். ஒரே பக்கத்தில் வெவ்வேறு ஊர்ச் சிலைகள் அருகருகே நிற்கும் அமைப்பில், தூணும் மாடமும் அண்டைச் சிற்பமும் ஓரங்களில் கழிந்துபோயின. கையில் என்ன ஆயுதம், எத்தனை கை, எந்த முத்திரை என்று ஒப்பிட அது மிக உதவியது. அச்சிலை எந்தச் சுவரில், எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பது மட்டும் படத்திலிருந்து அகன்றுவிட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களை நேரில் காணாமலே, கீழைக்கலை ஆய்வாளர் விக்டர் கொலுபியேவ் அளித்த ஒளிப்படங்களை மட்டும் வைத்து, உறுப்பு உறுப்பாக வியந்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அவர் மறைந்த பின் 1921இல் வெளிவந்தது. கோயிலிலிருந்து அருங்காட்சியகத்திற்கும், அங்கிருந்து படத்திற்கும், படத்திலிருந்து உறுப்புறுப்பான வியப்புக்கும் தெய்வம் பயணப்பட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெட்டப்படாத ஓரத்தின் மதிப்பு வெகு பிந்தியே உணரப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துள்ளது. உற்சவர் திருமேனிகள் பெரும்பாலும் பட்டும் மாலையும் சாத்தியே காணப்படுவதால், அலங்காரம் களைந்த நிலையில் எடுக்கப்பட்ட படத்தில்தான் திருவாசி என்னும் சுற்றுவளையத்தின் சுடர்களையும் பீடத்தின் விளிம்பையும் வார்ப்பின் குறைகளையும் காண முடியும். மெழுகு வார்ப்பில் அச்சு உடைக்கப்படுவதால் ஒரு படிமம் போல் இன்னொன்று அமையாது. அச்சிறு வேறுபாடுகளே அடையாளம் ஆகின்றன. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசரை அந்நிறுவனம் 1994இல் படமெடுத்திருந்தது. பின்னர் திருடப்பட்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தை அடைந்த அத்திருமேனி 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியதற்கு இப்படங்கள் முக்கியச் சான்றாயின.

இவ்வழக்கங்களை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறமான கேரளத்துக்குக் கொண்டுசென்றால் அவை சரியாகப் பொருந்துவதில்லை. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும், இன்றைய இடுக்கி திருவாங்கூரின் பகுதியாகவும் இருந்ததால், இரு நிலங்களின் தொல்லியலும் இரு வேறு அரசுகளின் பொறுப்பில் இருந்தது. பாலக்காட்டு ஜைனமேட்டில் உள்ள சந்திரநாதர் கோயில், கருங்கல்லால் கட்டப்பட்ட எளிய, தாழ்ந்த கட்டடம். நிமிர்ந்து நிற்கும் கோபுரத்துக்காக உருவான நெட்டையான சட்டகம் அதற்கு ஒவ்வாது. கல்பாத்தி விசுவநாதர் கோயில் ஆற்றங்கரையில் பள்ளத்தில் அமைந்து படியிறங்கிச் செல்வதாக இருப்பதால், தெருவிலிருந்து எடுக்கும் படம் கூரையை மட்டுமே காட்டும். மலையாள முறைக் கோயில்களிலோ, கருவறையைச் சூழும் நாலம்பலம் என்னும் உள்சுற்றுக்குள் கேமராவுக்கே பொதுவாக இடமில்லை. ஆகவே ஓடு வேய்ந்த சரிந்த கூரைகளும், வெளிச்சுவர் முழுதும் வரிசையாக விளக்கேந்தும் விளக்குமாடமுமே அக்கோயில்களின் பொதுமுகமாகப் பதிவாயின. மறைக்கப்பட்டதை மதிக்கும் இந்த வரம்பு, எந்த வெட்டையும்விடக் கண்டிப்பான சட்டகம்.

இடுக்கியின் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் நிற்கும் மங்கலதேவி கோயில் இவற்றுள் மிகச் சிக்கலானது. 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அதனைச் சிலப்பதிகாரத்தில் வரும் கண்ணகி கோட்டமாக இனம் கண்டார். சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கிய கற்களால் எழுந்த சிறு கோயில்கள் சிதைந்து கிடக்கும் அவ்விடம் தேனி மாவட்டத்தை ஒட்டியிருப்பதால், எல்லை எங்கே என்பதில் இரு மாநிலங்களுக்கும் நெடுநாள் பிணக்கு உண்டு. பக்தருக்கு அது திறப்பது சித்திரை முழுநிலா அன்று மட்டும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து மலையேறியும் மக்கள் வந்து சேர்கின்றனர். அன்றைய படங்களில் மாலையும் பூசைத் தட்டும் தலைகளும் நிறைந்திருக்க, கற்களின் அடுக்கு மறைகிறது. சிலையை நெருங்கி எடுத்த படமோ மலைமுகட்டை வெட்டிவிடுகிறது. ஆனால் இடிந்த வாயிலும், சரிந்த சுவரும், அவற்றுக்குப் பின்னே கம்பம் பள்ளத்தாக்கும் ஒருசேரத் தெரிய, பின்னுக்கு நகர்ந்து எடுத்த அகலமான, சற்று அலங்கோலமான படத்தில்தான், இக்கோயில் எந்த மேட்டில், எந்தச் சமவெளியைப் பார்த்து எழுந்தது என்பதை ஆய்வாளர் படித்தறிய முடிகிறது.