கலெக்டர் நட்ட தோட்டம், சேர்வராயன் காக்கும் ஊர்

சேலம் சமவெளியில் சித்திரை வெயில் கொளுத்தும்போது, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏற்காட்டில் ஆட்கள் ஸ்வெட்டர் தேடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பேருந்து மேலேறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரி, அதைச் சுற்றிப் பூங்கா, அதற்கப்பால் காபித் தோட்டம். ஊட்டிக்குப் போக வசதிப்படாதவர்களின் மலை என்று இதற்கு ஒரு பெயருண்டு. வரலாற்றில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் வீடு கட்டிக்கொண்டிருந்த அதே 1820களில், சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைமேல் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். காபி, ஆரஞ்சு, பேரிக்காய், ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். இந்த மண்ணும் பனியும் எதை ஏற்கும் என்பதற்கு அவருடைய ‘கிரேஞ்ச்’ தோட்டமே சோதனைக்களம். கோட்டை போன்ற அதன் பழைய கட்டடம் ஏற்காட்டின் முதல் ஐரோப்பிய வீடுகளில் ஒன்று.

ஆப்பிள் பெயருக்கு நின்றது. காபி மலையையே மாற்றியது. காட்டு மரங்களின் நிழலில் செடி வைத்தார்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழலுக்கு நின்றது, அதன்மேல் மிளகுக் கொடி ஏறியது. மாசி, பங்குனியில் பெய்யும் பூமழைக்குப் பிறகு தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் வாசம் சாலைவரை வரும். கார்த்திகையிலிருந்து பழம் பறிப்பு.

1860களின் தொடக்கத்தில் ரயில் சேலத்தை எட்டியதும், சென்னையிலிருந்து கோடைக்கு வருவோர் பெருகினார்கள். தோட்டக்காரர்களுக்கென 1853ல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் முன்பே எழுந்திருந்தது. பள்ளிகள் அடுத்தடுத்து வந்தன: 1894ல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917ல் மான்ட்ஃபோர்ட். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை இங்கே பெயர்த்து வைக்கப் பார்த்தவர்களின் ஊர் இது.

அந்த இங்கிலாந்திலோ, தனியார் வீட்டுத் தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் 1927ல்தான் தொடங்கியது. ஒரு ஷில்லிங் கொடுத்தால் யாரும் உள்ளே நடக்கலாம். அந்தப் பணம் மாவட்டச் செவிலியர் சேவைக்குப் போனது. ஏற்காட்டில் அப்படி ஒரு மரபு வேரூன்றவில்லை. எஸ்டேட் வேலிக்குள் இருப்பது முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் மட்டுமே தெரிந்த உலகமாக நின்றது. பயணிக்குப் பெரும்பாலும் திறந்திருப்பவை அரசின் தோட்டங்கள்தாம்: அண்ணா பூங்கா, ரோஜாத் தோட்டம், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963ல் அமைத்த ஆர்க்கிட் பூங்கா. மேகாலயத்தின் பூச்சியுண்ணும் குடுவைச் செடியை இந்தக் கடைசித் தோட்டத்தில் பார்க்கலாம்.

ஆனால் காக்பர்ன் வந்தபோது மலை காலியாக இல்லை. கேரளத்தோடு சம்பந்தமில்லாத, தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் இங்கே சாமையும் ராகியும் விளைத்துக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்கள் என்று அவர்களுடைய கதை சொல்கிறது. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையிலும் தங்கினார்களாம். இந்த மூன்று மலைகளின் மக்களும் ஒரே வழி வந்தவர்கள் என்கிறது இந்தக் கதை. ஊர்களை நாடு நாடாகப் பிரித்து, ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவர் வைத்து நிர்வகித்த முறை கலெக்டர்களுக்கு முந்தையது.

எஸ்டேட்டுகள் பரவியபோது அந்த ஊர்க்காரர்களில் பலர் பறிப்புக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனார்கள். அவர்களில் சிலர் வீட்டுக் கொல்லையில் தாங்களும் காபி வைத்தார்கள். இன்று மலையாளிச் சிறு விவசாயியின் பலாமரத்தடியிலும் காபியும் மிளகும் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட்டும் வெட்டினார்கள்.

மலையின் உச்சி மட்டும் எந்தத் தோட்டக்காரர் கைக்கும் போகவில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலுள்ள அந்த மேட்டில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்கோயிலுக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்களிலிருந்து மலையாளிகள் திரள்வார்கள். அண்ணா பூங்காவில் அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடப்பது பெரும்பாலும் அதே மாதத்தில்தான். பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி கோயிலுக்கும் ஏறும். மலைச் சாலைகளில் நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்ப் பெயர்ப் பலகைகளும் எஸ்டேட்டுகளின் ஆங்கிலப் பெயர்ப் பலகைகளும் மாறி மாறி வரும்.