தீவகத்து மாணவரும் ஆற்றுப்படுத்தலும்

ஆற்றுப்படை என்பது தமிழ் கற்றோர் நன்கறிந்த சொல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் அப்பெயரால் வழங்குவன. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, எதிரே வறுமையுற்று வரும் தன் இனத்தானைக் கண்டு, தான் நடந்த வழியின் இயல்பை எடுத்துரைத்து அவனையும் அவ்வழியிற் செலுத்துவது பெரும்பாலும் அதன் அமைப்பாகும். இன்று யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆற்றுப்படுத்தல் என்னும் சொல் வேறொரு தொழிலைக் குறிக்கின்றது. துயருற்ற மாணவனை அருகிருத்தி, அவன் உரைப்பதை முழுமையாகக் கேட்டு, அவன் மனம் தன் வழியைத் தானே காணும்வரை துணைநிற்பதே அது. அரச அலுவலகங்களில் உளவளத்துணை என்று எழுதுவர். ஆயினும் மக்கள் நாவில் ஆற்றுப்படுத்தலே இனிது பொருந்தியுள்ளது. ஆறு என்றால் வழி. ஆற்றுதல் என்றால் சூட்டைத் தணித்தல். இரண்டும் ஒரு சொல்லிற் சேர்ந்து ஒலிப்பது தமிழின் பேறு என்றே கொள்ளலாம்.

இத்தொழில் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் எவ்வாறு கருக்கொண்டது என்பதையும், அது தீவக மாணவருக்கு எக்காலத்தில் உண்மையாகப் பயன்பட்டது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே இன்றும் வழக்கில் நிலைத்துள்ளது. தாம்போதிகள் அமைவதற்கு முன் இத்தீவுகளிற் பிறந்த பிள்ளை உயர்கல்வி வேண்டின், வள்ளத்தில் ஏறித் தாய்தந்தையரைப் பிரிந்து விடுதிச்சாலை புகுதல் வேண்டும். பத்து வயதுப் பாலகனுக்கு அக்கடல் அகன்ற கடலே. அவன் இரவில் விழித்திருந்து அழுதால் அதனைக் கேட்பவர் யார் என்னும் வினா, தீவகக் கல்வி வரலாற்றோடு உடன்பிறந்தது எனலாம்.

தீவுகளை எதிர்நோக்கி நிற்கும் வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனார் ஒரு செமினரியை நிறுவினர். டானியேல் பூவர் அதன் முதல் அதிபர். வானசாஸ்திரமும் கணிதமும் தமிழிலக்கியமும் ஆங்கிலமும் ஒருங்கே பயிற்றிய அச்சாலையின் பெருமை நாடறிந்தது. ஆயினும் அதன் மாணவர் மனநிலையைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. பணம் உதவிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரை மாணவனுக்குச் சூட்டும் வழக்கம் அன்று இருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் பெயரின் முன்னே நிற்கும் அயற்சொல் அவ்வழக்கத்தின் எச்சம். வீட்டில் ஒரு பெயர், சாலையில் மற்றொரு பெயர். வீட்டில் திருநீறு, சாலையில் வேதாகமம். இவ்விரண்டுக்கும் இடையில் அப்பிள்ளையின் உள்ளம் பட்ட பாட்டைக் கேட்டறிவதற்கு அன்று ஒருவரும் நியமிக்கப்படவில்லை. தாமோதரம்பிள்ளை பின்னாளிற் சைவராகவே வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

மிஷனார் மாணவரிடம் அன்பற்றிருந்தனர் என்பது இதன் கருத்தன்று. ஆசிரியர் மாணவரைத் தனித்தனியே அழைத்து உரையாடினர், நோயில் தலைமாட்டில் இருந்தனர், அவருக்காக மன்றாடினர். ஆனால் அவ்வுரையாடலுக்கு ஒரு முடிவு முன்னரே குறிக்கப்பட்டிருந்தது: மாணவன் மனந்திரும்பினானா, இல்லையா? 1855இல் மிஷன் சங்கச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்து நிலைமையை ஆராய்ந்தபோது, இளைஞர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் நாடியே செமினரிக்கு வருகின்றனர் என்னும் கருத்தே மேலோங்கிற்று. சாலை மூடப்பட்டது. உத்தியோகத்தை நாடிய இளைஞன் வீட்டின் வறுமையையும் தங்கையரின் சீதனத்தையும் எண்ணி நாடியிருக்கலாம் என்று கேட்பார் அன்று இலர்.

கத்தோலிக்கரின் நெறி வேறு. ஊர்காவற்றுறை நெடுங்காலமாகக் கத்தோலிக்கம் வேரூன்றிய துறைமுகம். அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரி தீவகத்தின் பிள்ளைகள் பலருக்கு வாசலாய் அமைந்தது. அயலூராகிய கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளும் இளமையில் அங்கு கற்றவரே. பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் போதித்த அவர், உலகத் தமிழாராய்ச்சியை ஒருங்கு திரட்டியவர் என்பது நேயர் அறிந்த செய்தி. இத்தகைய கல்லூரிகளில் மாணவன் தன் உள்ளத்தைத் திறப்பதற்கென ஓர் இடம் இருந்தது. அது பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்குக் கேட்டதைக் குருவானவர் உயிர் போயினும் வெளியிடார். இரகசியம் காக்கும் இந்த ஒழுக்கமே இன்றைய ஆற்றுப்படுத்தலின் முதல் விதியுமாகும். எனினும் ஒரு குறை உண்டு. பாவம் வேறு, துயரம் வேறு. தாயை இழந்த சிறுவன் எந்தப் பாவத்தை அறிக்கையிடுவான்? பரீட்சையை எண்ணி உறக்கமிழந்தவனுக்கு எந்தப் பிராயச்சித்தம் விதிப்பது? நல்ல குருமார் பலர் தொட்டிக்கு வெளியே, மைதானத்து வேப்பமர நிழலில், இத்தகையோருடன் பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை. அது அவரவர் குணத்தைப் பொறுத்ததேயன்றி, கற்றுக்கொடுக்கப்பட்ட கலையாய் இருக்கவில்லை.

கலையாய் அது உருப்பெற்றது கடல் கடந்த நாட்டில். கிறிஸ்தவக் கல்லூரியாய்த் தோன்றிய அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1910இல் மாணவர் மனநலத்திற்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. பல்கலைக்கழகங்களில் இவ்வகையில் முதலாவது அதுவே என்பர். அறிவிற் குறைவில்லாத மாணவர் மனக்கலக்கத்தாற் கல்வியை இடைநிறுத்துவதைக் கண்டே அதனைத் தொடங்கினர். பின்னர் கார்ல் றொஜர்ஸ் என்பார் இத்துறையின் போக்கையே மாற்றினார். அவர் 1922இற் பீக்கிங் நகரிற் கூடிய உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டிற்குச் சென்று மீண்டவர். 1924இற் குருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தவர். ஈராண்டுகளில் அதைவிட்டு உளவியலுக்கு மாறியவர். 1942இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது: அறிவுரை கூறாதே; தீர்ப்பளிக்காதே; கேள். வந்தவன் தன்னைத் தானே அறிவான். கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் மற்றொரு கிளை நம் அயலிலும் தளிர்த்திருந்தது. செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இலேயே வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. ஆயினும் கேட்கும் கலை வட்டுக்கோட்டையை அடைய மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

அயலகமாகிய இந்தியாவில் 1950இல் லக்னோவில் ஸ்டான்லி ஜோன்ஸ் நிறுவிய நூர் மன்சிலும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையமும் கிறிஸ்தவ நிறுவனங்கள் இத்துறையிற் காலூன்றியதற்குச் சான்றுகள். வேலூரில் நோயாளருடன் குடும்பத்தாரும் தங்கியிருக்கச் செய்தமை நம்மவர் வாழ்க்கைக்கு இயைந்த ஏற்பாடு. இலங்கையிலோ 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் வசமாயின. விடுதிச்சாலைகள் பலவற்றின் பழைய வாழ்வும் அத்துடன் தளர்ந்தது.

பின்னர் வந்தது யுத்தம். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கடற்படையினரால் இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். அதே படகு பழுதுபார்க்கப்பட்டுப் பின்னும் பல்லாண்டு அதே கடலில் ஓடிற்று. அதிலேறாது தீவினர் கரையை அடைதல் அரிது. மனவடுவைப் பற்றி எத்துணை நூல்கள் எழுதினும், ஒரு பிள்ளை அப்படகின் பலகையில் மீண்டும் அமர்ந்து பயணஞ்செய்வதன் பொருளை அவை முற்றக் கூறிவிட மாட்டா. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இராணுவ நடவடிக்கை தீவகத்தைச் சூழ்ந்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். அவ்வாறு இடம்பெயர்ந்தோர் 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணம் முழுவதும் பெயர்ந்தபோது மீண்டும் ஒருமுறை மூட்டை கட்டினர்.

இக்காலத்திலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் உழைத்தோரும் பாடசாலைப் பிள்ளைகளின் மனநிலையை ஆராயலாயினர். ஆயிரம் பேருக்கு ஓர் உளமருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஆசிரியரே முதற் செவியாதல் வேண்டுமென அவர்கள் கண்டனர். சாந்திகம் என்னும் நிலையம் யாழ்ப்பாணத்தில் ஆற்றுப்படுத்துநரைப் பயிற்றியது. அகதிகளின் உளநலம் பற்றிய சர்வதேசக் கைந்நூல் ஒன்று தமிழ்ச் சமூகத்திற்கு ஏற்றவாறு மாற்றி எழுதப்பட்டது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதிக்கச் சொற்களைத் தேடிய அதே மண்ணில், நூறாண்டுகளின் பின் உளவியலுக்கும் சொற்கள் தேடப்பட்டன. இது தற்செயலான ஒற்றுமை அன்று. தாய்மொழியிலன்றித் துயரைச் சொல்லல் அரிது.

சொல் பிறந்தால் மட்டும் போதாது, தீர்ப்பும் விலகவேண்டியிருந்தது. தன்னுயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி திருச்சபைச் சடங்குகளை மறுத்து வந்தது; 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. இலங்கைச் சட்டத்தில் தற்கொலை முயற்சி குற்றமாயிருந்தது. நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை 1995இல் எட்டியபின், 1998இலேயே அக்குற்றம் நீக்கப்பட்டது. பாடசாலைப் பிரம்பைத் தடுக்கும் சுற்றறிக்கை 2005இல் வந்தது. பாவம் என்றும், குற்றம் என்றும், ஒழுங்கீனம் என்றும் மூன்று பெயர்களால் அதட்டப்பட்ட பிள்ளை, தன் உள்ளத்தை எவரிடம் திறந்திருப்பான்? பிரம்பை மேசையில் வைத்துக்கொண்டு “மனம்விட்டுப் பேசு” என்று சொல்லும் ஆசிரியரை நம்பும் மாணவன் எங்கும் இலன்.

ஊர்ப்பழியும் சிறிதன்று. யாழ்ப்பாணத்தில் ‘விசர்’ என்னும் ஒரு சொல் போதும், ஒரு குடும்பத்தின் கலியாணப் பேச்சுக்கள் நின்றுவிடும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு தீவில், ஆற்றுப்படுத்தல் அறை என்று பலகை தொங்கும் வாயிலுக்குள் பட்டப்பகலிற் புகத் துணியும் மாணவி யார்? இவ்விடத்திற் கிறிஸ்தவப் பாடசாலைக்கு ஓர் அனுகூலம் உண்டு. சிற்றாலயத்தின் கதவு எந்நேரமும் திறந்திருக்கும். அதனுள் நுழைவோரை எவரும் ஐயுறார். நயினாதீவு நாகபூஷணி அம்மன் வீதியில் தனித்திருந்து அழும் பெண்ணையும் ஊர் அவ்வாறே விட்டுவிடும். அனுபவமுள்ள ஆசிரியர் இதனையறிந்து, அறையை விடுத்து நூலகத்து மூலையிலோ பூந்தோட்டத்திலோ பேச்சைத் தொடங்குவர். பேசியதை மாணவர் தேர்ச்சி அறிக்கையில் எழுதுவதில்லை. சைவப் பிள்ளையிடம் வேதாகமத்தை நீட்டுவதுமில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டையிற் செய்ய இயலாதுபோன காரியம் இதுவே. தம் ஆற்றலுக்கு மேற்பட்ட நோயைக் கண்டால் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு வழிகாட்டுவதும் அவர் கடமை.

மிகக் கடினமானது காணாமற்போனோரின் பிள்ளைகளை ஆற்றுப்படுத்தல். இறந்தார் எனின் சைவர் கீரிமலையில் அந்தியேட்டி செய்வர். கத்தோலிக்கர் ஆன்ம இளைப்பாற்றித் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். சடங்கு முடிந்தபின் அழுகைக்கும் ஒரு கரை தோன்றும். உடலே கிடையாதபோது எதனைச் செய்வது? தந்தைக்காக ஒரு தட்டை எடுத்து வைக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் “அவர் இல்லை” என்று சொல்ல ஆசிரியருக்கு உரிமையில்லை. “வருவார்” என்று சொல்லவும் உரிமையில்லை. ஆறுதல் அளிக்கவேண்டியவரே காணாமற்போன ஊரும் தீவகத்தில் உண்டு. 2006 ஆகஸ்ட் 13ஆம் நாள் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயமுற்றோரைக் காப்பாற்ற முயன்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண், அம்மாதம் 20ஆம் நாளுக்குப் பின் காணப்படவில்லை. அவருடன் சென்ற பங்குமகனும் திரும்பவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் தம் தந்தையருக்காகவும், தம்மைத் தேற்றவேண்டிய தந்தைக்காகவும் ஒருங்கே காத்திருக்க நேர்ந்தது.

இன்று புங்குடுதீவுவரை வாகனம் செல்லும். அதற்கப்பால் நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் நெடுந்தீவும் படகையே நம்பியுள்ளன. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். பட்டணத்திலிருந்து வரும் உளமருத்துவரும் உளவளத்துணையாளரும் காலையில் வந்து மாலைப் படகில் மீள்வர். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு கட்டியே கிடக்கும். அத்தகைய நாள்களில், தீவிலேயே குடியிருந்து கற்பிக்கும் ஆசிரியர் எவரோ, அவர் வீட்டுப் படலையைத்தான் பிள்ளை தட்டவேண்டும்.