கடலே இல்லாத கோவைக்கு ரோமானியக் காசு வந்த கதை

வெள்ளலூர் என்றதும் கோவைக்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். அதே வெள்ளலூரில் 1842ல் மண்ணுக்குள்ளிருந்து 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். 1931ல் அங்கேயே இன்னொரு புதையல். நொய்யல் ஓரமாகக் கிழக்கே போனால் கத்தாங்கண்ணி, அங்கே 1913ல் ஒன்று.

கப்பலே பார்க்காத ஊர்களில் இவ்வளவு காசு எப்படி? விடை கடலில் இருக்கிறது. கப்பலைப் பத்திரமாக எங்கே நிறுத்துவது என்ற மாலுமியின் கவலையும் அதில் ஒரு பங்கு!

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கப்பல்கள் ஜூலை வாக்கில் கிளம்பின. செங்கடல் வாயிலில் இருந்த ஓசெலிஸிலிருந்து முசிறிக்குக் காற்று சரியாக இருந்தால் 40 நாள் என்கிறார் பிளினி. நடுக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். வம்பு கரை நெருங்கும்போதுதான். மேற்குக் கரையின் ஆற்று முகங்களில் மணல்திட்டுகள் அதிகம். கலங்கரை விளக்கம் இல்லாத கரையில், இருட்டில் ஆழம் தெரியாமல் நுழைந்தால் கப்பல் தட்டி நின்றுவிடும். திரும்பிப் போகும் காற்று டிசம்பர், ஜனவரியில்தான். ஆக ஒரு ராத்திரி மட்டும் இல்லை, மாதக்கணக்கில் நிற்க இடம் வேண்டும்.

பெரிப்ளஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடு முசிறியைக் கப்பல்கள் நிறைந்த துறை என்று புகழ்கிறது. பிளினியோ அங்கே போகாதே என்கிறார்! பக்கத்திலேயே கடற்கொள்ளையர்கள், கப்பல் நிற்கும் இடமும் கரையிலிருந்து வெகுதூரம், சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அவர் சிபாரிசு செய்வது பகரே என்ற இன்னொரு துறை. அங்கே ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளங்களில் மிளகு வந்து சேரும். அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் இருந்த நெல்கிண்டாவில் முழுச் சுமை ஏற்றாமல், கழிமுகத்துக்கு இறங்கி வந்துதான் சரக்கு ஏற்றின என்று பெரிப்ளஸே சொல்கிறது. முசிறி என்று பலரும் கருதும் பட்டணத்தில் 2007ல் தொடங்கிய அகழாய்வில் சுமார் 6 மீட்டர் நீள வள்ளம் ஒன்றும், படகு கட்டும் மரக்குற்றிகளும் கிடைத்தன. பிளினி சொன்ன சிறு படகு எப்படி இருந்திருக்கும் என்று அதைப் பார்த்து ஊகிக்கலாம்.

சரி, சோழ நாட்டுக்குச் சரக்கு போக வேண்டுமே? குமரி முனையைச் சுற்றினால் அடுத்தது மன்னார் வளைகுடா, பாக் நீரிணை. ராமர் பாலத்துத் திட்டுகளில் பெரிய கப்பல் தாண்ட முடியாது, இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். அதைவிடச் சரக்கைக் கரையில் இறக்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடத்துவது லாபம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கையே திறந்து வைத்த வாசல் அது. அங்கிருந்து வெள்ளலூர், சூலூர், கொடுமணல், கரூர் என்று நொய்யலை ஒட்டியே காவிரிக்குப் போய்விடலாம். கொடுமணலில் மணி செய்யும் பட்டறைகளே இருந்தன; பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. அதாவது வழியில் வெறுமனே தங்கவில்லை, வியாபாரமும் செய்தார்கள்.

கடலைத் தவிர்த்தால் பயம் போய்விடுமா? தரையிலும் ராத்திரி உண்டே. வெள்ளலூரில் காசு கிடைத்தது என்றால், புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அவருக்கு என்ன ஆனதோ...

பல நூற்றாண்டுகள் கழித்து இதே வழிக்குச் சோழர்கள் இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டார்கள். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் அந்தப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. கூடவே அரசனைப் புகழும் ஒரு வெண்பா. அதில் வரும் 'நிழல்' என்ற சொல்லை வைத்து, வணிகர்களைக் காக்க ஒரு 'நிழற்படை' இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்க சுவாரஸ்யம்தான். ஆனால் பாட்டு பேசுவது அரசனின் நிழலைப் பற்றி. படை என்ற சொல் அதில் இல்லை.