செடெனாக்கிலிருந்து சயாமுக்கு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் குடும்ப மரம் வரையப் பணித்திருந்தேன். ஒரு மாணவன் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே, "சயாமுக்குப் போனார்" என்று மட்டும் எழுதியிருந்தான். திரும்பி வந்தாரா என வினவினேன். அவன் தாத்தா அப்பொழுது கைக்குழந்தையாம். வீட்டில் வேறெவருக்கும் விவரம் தெரியவில்லை.

நம் செடெனாக் வழியே செல்லும் இருப்புப்பாதை 1909இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் ஜொகூர்த் தோட்டத் தமிழர்கள் ஆசை காட்டப்பட்டும் வலுக்கட்டாயமாகவும் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை அமைக்கும் பணி 1942இல் தொடங்கியது. 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தன.

இன்று காஞ்சனபுரி இரயில் நாம் தோக் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பாதை கைவிடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. அங்கே கொன்யூ குன்றைக் குடைந்த வெட்டுப்பாதை இன்றும் உள்ளது. அதனை 'நரக நெருப்புக் கணவாய்' என்பர். இரவு வேலைக்கு ஏற்றிய பந்தங்களின் வெளிச்சத்தால் வந்த பெயர் அது. சம்மட்டியாலும் உளியாலும் பாறையில் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து, கற்களைக் கையாலேயே அகற்றினர். சற்று அப்பால், கற்களைக் குவித்து எழுப்பிய கரைகளையும், பள்ளங்களின்மேல் மரப்பாலங்கள் நின்ற இடங்களையும் காணலாம்.

அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். மாண்டவர் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றவர்களில் தமிழரே மிகுதி. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் உண்டு. படைவீரருக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. போருக்குப்பின் அவர்களது உடல்களைத் தேடி எடுக்க அரசுகளும் இருந்தன. நம்மவருக்கு அவ்விரண்டும் இல்லை. அவர்கள் பெயர்கள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நம் வீட்டு முதியோரின் நினைவில்தான்.

ஆகவே, பெற்றோர்களே, இன்றே கேளுங்கள். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், உடன் சென்றவர் யார், திரும்பினாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆசிரியர்களே, குடும்ப மரப் பாடத்தில் இதற்கென ஒரு வரி ஒதுக்குங்கள்.

மறுவாரம் அம்மாணவன் ஏட்டைக் கொண்டு வந்தான். கொள்ளுத்தாத்தா புறப்பட்ட தோட்டத்தின் பெயர் புதிதாகச் சேர்ந்திருந்தது. திரும்பினாரா என்ற இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.