வாயால் சொன்னால் போதுமா?
2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய விதியொன்று அமுலுக்கு வந்தது. பிரித்தானியச் சாப்பாட்டுக்கடைகள் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியே ஆகவேணும். ஆனால் கடையிலேயே தயாரித்ததெண்டால் வாயால் சொன்னாலே போதும். இந்த ஓட்டைதான் எங்களை உறுத்துது. 2016இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் 15 வயது நடாஷா வாங்கிய பாணின் மாவுக்குள்ளேயே எள்ளு இருந்தது. உறையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 2021 ஒக்டோபரில்தான் கடையிலேயே பொதிசெய்யும் உணவுக்கு முழு விபரம் கட்டாயமானது.

மேசைக்கு வாற சாப்பாட்டுக்கு? 2017இல் ஓவன் கேரி, பாலுக்கு ஒவ்வாமை எண்டு சொல்லித்தான் கோழி கேட்டார். அது மோரில் ஊறியது. அண்டைக்கு அவருக்கு 18ஆவது பிறந்தநாள், அண்டைக்கே இறந்தார். மெனுவிலேயே எழுதவேணும் எண்டு குடும்பம் போராடியது. 2025 மார்ச்சில் எழுதச்சொல்லி வழிகாட்டல் வந்தது, சட்டமாக அல்ல.